இலை கொட்டட்டும்

பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பி, பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் போன் வந்தது. மல்லிகா அக்கா போய்விட்டார். தூக்கத்திலேயே மாரடைப்பு. தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அஸ்தினாபுரத்தில் எனக்கு எதிர்வீடு. உங்களில் பலருக்கு 'மரத்துக்காரம்மா' என்றால்தான் தெரியும்.

வாசலில் வாதாம் கன்றை அவர் நட்டது நிழலுக்காக மட்டும் அல்ல. வெளிநாட்டுக்குக் குடிபோன தோழி ஒருவர் இலையுதிர்காலப் படங்களை அனுப்பி, "இந்தக் கலரெல்லாம் அங்க ஏது?" என்று கேட்டாராம். "ஏன் இல்ல? வாதாம் சிவந்தா தெருவே சிவக்கும்" என்று பதில் சொல்லிவிட்டு, மறுநாளே கன்று வாங்கி வந்தார்.

மரம் மாடியைத் தொட்டதும் புகார்கள் தொடங்கின. கார் மேலெல்லாம் சருகு, கால்வாயில் அடைப்பு. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வெட்டிவிடலாம் என்றார்கள். அக்கா எழுந்தார்.

"இலை கொட்டுதுன்னு மரத்தை வெட்டணும்னா, முடி கொட்டுதுன்னு தலையை வெட்டிக்குவீங்களா சார்?"

செயலாளருக்கு வழுக்கை. கூட்டமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "கூட்டறது என் பொறுப்பு. வெட்ட விடமாட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து தெருமுனை வரை அவரே கூட்டினார், முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகும். நான் துடைப்பத்தைப் பிடுங்கப் போனால், "உனக்கு வேணும்னா வேற வாங்கிக்கோ" என்பார். வாங்கினேன்.

ஒரு சித்திரை வெயிலில் செயலாளரின் கார் அதே மரத்தடியில் நின்றது. நான் பொருமினேன். "நிக்கட்டும் விடு. அவருக்கும் வெயில் சுடும்ல" என்றார் அக்கா.

இறுதிச் சடங்கன்று அமரர் ஊர்தியால் அக்கா வீட்டு வாசல் வரை வர முடியவில்லை. வாதாமின் தாழ்ந்த கிளை ஒன்று தடுத்தது. யாரோ அரிவாள் கொண்டுவரப் போனார்கள். "இந்த நேரத்துல மரத்தைப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?" என்றது ஒரு குரல்.

நான் குறுக்கே போய் நின்றேன். "கிளையைத் தொடாதீங்க. வண்டி அங்கேயே நிக்கட்டும். நாம தூக்கிட்டுப் போவோம்."

முதல் ஆளாக வந்து தோள் கொடுத்தவர் செயலாளர். செக்கச்செவேலென்று சிவந்து நின்ற மரத்தடி வழியாக அக்காவைத் தூக்கிச் சென்றோம்.

குரலை உயர்த்தாமல், மன்னிப்பும் கேட்காமல் 'விடமாட்டேன்' என்று சொல்வது எப்படி என்பதுதான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். வீட்டை அவர் தம்பி விற்கப்போகிறார். வாங்க வந்தவர்கள், கார் நிறுத்த இடம் போதாது என்று மரத்தைக் காட்டிப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வரட்டும். எதிர்வீட்டில் நான் இருக்கிறேன்.