மேடைக்கு வெளியே நின்ற சக்கரம்

ஒரு கிழங்கு சீசன் முழுக்க அந்த ஆளுக்கு நான் சிரித்த முகம் காட்டினேன். மனசுக்குள் தினமும் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, வெளியே "வாங்க, உக்காருங்க" என்று சொல்வது லேசான வேலையில்லை. அந்த மரியாதையெல்லாம் வாயோடு சரி. இங்கே அவனை நான் "அவன்" என்றுதான் எழுதப்போகிறேன்.

எனக்கு எடைமேடையில் வேலை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ரோடு கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் இருக்கிறது. லாரி ஏறி நிற்க ஒரு இரும்பு மேடை, பக்கத்தில் ஜன்னல் வைத்த ஓர் அறை, அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் நான். மலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கு சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இந்த வழியாகத்தான் போகும். வண்டி ஏறி நின்றதும் திரையில் எண் ஓடி நிற்கும். நான் பட்டனைத் தட்டினால் சீட்டு வரும். வண்டி எண், நேரம், எடை, கடைசி வரியில் "ஆபரேட்டர் 2". அந்த இரண்டு நான்தான்.

அவனிடம் மூன்று பத்துச் சக்கர லாரிகள் இருந்தன. வண்டி, சுமை, டிரைவர் எல்லாம் சேர்ந்து இருபத்தெட்டு டன்னுக்கு மேல் ரோட்டில் போகக் கூடாது என்று அவற்றின் பதிவுப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அவன் வண்டிகள் முப்பத்தாறு, முப்பத்தேழு என்றுதான் வரும். அதனால் அவனுக்கு எப்போதும் இரண்டு சீட்டு வேண்டும். முதல் சீட்டு ஆலைக்கு. எல்லாச் சக்கரமும் மேடையில் நிற்க, உள்ளபடி எடை. அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். இரண்டாவது ரோட்டுக்கு. வழியில் யாராவது நிறுத்தினால் டிரைவர் காட்டுவதற்கு. அதற்கு லாரியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, கடைசிச் சக்கரங்களை மேடைக்கு வெளியே தரையில் நிறுத்துவார்கள். அவற்றின் மேல் இருக்கும் பாரம் மேடைக்குத் தெரியாது. எண் இருபத்து மூன்றுக்கு இறங்கிவிடும். இயந்திரம் பொய் சொல்வதில்லை, சக்கரத்தை வெளியே வைத்தவன்தான் சொல்கிறான்.

வண்டியைப் பின்னால் எடுக்க வைக்கும் வேலையை அவன் எந்த டிரைவரிடமும் விட மாட்டான். அரை அடி கூடினாலும் குறைந்தாலும் எண் கெட்டுவிடும் என்பது அவன் கவலை. தானே பின்னால் போய் நிற்பான். கையை உயர்த்தி, "வா, வா, வா" என்பான். பிறகு உள்ளங்கையால் லாரியின் முதுகில் ஒரு தட்டு. அதோடு வண்டி நிற்கும். "போட்டுக் குடும்மா" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வான். நான் போட்டுக் கொடுப்பேன். மேடை முதலாளிக்கும் அது தெரியும். எல்லா வண்டிக்கும் நடப்பதுதானே என்று எனக்கும் பழகிப்போயிருந்தது.

அந்த மூன்று வண்டிகளில் ஒன்றை ஓட்டியவன் என் தம்பி.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு பகல் பொழுது. தம்பி மலையிலிருந்து லோடோடு இறங்கி வந்தான். சக்கரத்துப் பக்கமிருந்து கருகிய வாடை என் ஜன்னல் வரை வந்தது. தம்பி இறங்கி ஓனரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"டிரம்மு நெருப்பா கொதிக்குதுங்க. பிரேக்கு சரியா நிக்க மாட்டேங்குது. ஒரு மணி நேரம் ஆறட்டுங்க."

"போய்க்கினே ஆறும். ஆலையில கேட்ட சாத்திடுவாங்க, வண்டிய எடு."

வழக்கம்போல இரண்டு சீட்டு அடித்தேன். தம்பி ரோட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு, "வரேங்க்கா" என்று போனான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஏரிக்கரை வளைவில் எதிரே டவுன் பஸ் வந்திருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை. பஸ்ஸில் மோதாமல் ஒடித்ததில் லாரி கரையிலிருந்து கீழே உருண்டது. கூட உட்கார்ந்திருந்த லோடுமேனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தம்பியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கொட்டிய கிழங்கை யாரும் எடை போடவில்லை. அவன் இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போய்விட்டான். மிச்சத்தை ஊர் ஜனம் கோணியில் கட்டிப் போனது. வண்டியில் மிஞ்சியது ரோட்டுச் சீட்டு ஒன்றுதான். அதில் இருபத்து மூன்று டன் என்று இருந்தது. சட்டப்படியான பாரம். அப்படியானால் தப்பு யாருடையது? "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" ஓட்டிய டிரைவருடையது. வழக்கில் அப்படித்தான் எழுதினார்கள். அவனும் வந்து, "வண்டியில நான் இல்லையே, எனக்கு இன்னா தெரியும், டிரைவர் பண்ண வேல" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போனான்.

தம்பிக்கு ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். அவர் விஷயம் தெரிந்தவர். "அளவுக்கு மேல பாரம் ஏத்தியிருந்தா, அது ஓனருக்குத் தெரிஞ்சு, அவரு சொல்லித்தான் நடந்துச்சுன்னு கோர்ட்டே எடுத்துக்கலாம். சட்டத்துல எடம் இருக்குது. ஆனா மொதல்ல பாரம் ஜாஸ்தின்னு காட்டணும். சொல்லுப்பா, எவ்ளோ இருந்துச்சு?"

தம்பி கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரையே பார்த்தான். "சீட்டுல இருக்கிற மாதிரிதாங்க" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையும் கொடுத்துவிட்டு இன்னும் முதலாளிக்குப் பயந்துகொண்டு கிடக்கிறானே என்று, வக்கீலம்மா போனதும் அவனைக் கிழித்துவிட்டேன். நானும் அந்த வக்கீலம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. பேசினால் வேலை போய்விடும், இருந்தால்தானே இவனைக் காப்பாற்ற முடியும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்த லாரிக்காரனை விடுவதாக இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாம், "அந்த மேடையிலயே இன்னும் வேல பாக்கிறியே, உனக்கு ரோஷமே கெடையாதா" என்று கேட்டார்கள். ரோஷம் இருந்ததால்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் வண்டிகள் ஏறி இறங்கும் இடம் அதுதான். அவன் கழுத்துக்கு என் கை எட்டக்கூடிய இடமும் அது ஒன்றுதான்.

போன சீசன் தொடக்கத்தில் கேமரா வந்தது. படம் இல்லாத சீட்டை எடுக்க மாட்டோம் என்று ஆலைக்காரர்கள் சொல்லிவிட, மேடை முதலாளி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டினார். சீட்டில் தீப்பெட்டிப் படம் அளவுக்கு மங்கலாக ஒரு படம் விழும். கம்ப்யூட்டரில் பளிச்சென்று கலரில் இருக்கும். முதல் நாளே அவன் வந்து அண்ணாந்து பார்த்தான்.

"இன்னாங்க இது, சக்கரமெல்லாம் விழுதே. கொஞ்சம் மேல தூக்கி வைக்கச் சொல்லுங்க."

முதலாளி ஆளை ஏணியில் ஏற்றி, பின் கேமராவைத் தூக்கி வைத்தார். சக்கரம் படத்தைவிட்டுப் போய்விட்டது. நம்பர் பிளேட்டும் லாரியின் முதுகும் மட்டும் தெரிந்தன. அவனுக்குத் திருப்தி. மறுநாள் அவன் வண்டிக்கு ரோட்டுச் சீட்டு அடித்தேன். திரையில் படம் விழுந்தது. நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில், கையை உயர்த்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி, அவனே நின்றுகொண்டிருந்தான்.

சக்கரத்தை மறைக்கப் போய்த் தன் மூஞ்சியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அதற்கப்புறம் அவன் வண்டி வந்த ஒவ்வொரு நாளும் இரண்டு சீட்டுக்கும் படத்தோடு நகல் எடுத்தேன். ஒரே வண்டி, ஒரே லோடு, ஆறேழு நிமிஷ இடைவெளி. ஒன்றில் முப்பத்தாறு, ஒன்றில் இருபத்து மூன்று. கூடவே அவன் கை. வீட்டுக்குக் கொண்டுபோய், கத்தரிக்கோலால் ஒவ்வொன்றின் கடைசி வரியையும் நறுக்கிவிட்டு, பழைய பட்டுப்புடவைப் பெட்டியில் அடுக்கினேன். "வா, வா" என்று அவன் கத்தும்போதெல்லாம் நானும் உள்ளே அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வா ராசா, இன்னும் கொஞ்சம் பின்னால் வா.

சீசன் முடியப்போகும் நேரத்தில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, பெயர் எழுதாமல், போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் ஓர் ஆய்வாளர் வந்தார். எங்கள் மேடையிலிருந்து புறப்பட்ட அவன் லாரியை ரோட்டிலேயே மடக்கி, திருப்பி எங்கள் மேடைக்கே கொண்டுவந்தார். எல்லாச் சக்கரமும் மேடையில் இருக்கிறதா என்று குனிந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "போடும்மா" என்றார். முப்பத்தேழு டன் சொச்சம். புது டிரைவர் பையன் வெளிறிப்போய் நின்றான். ஓனர் பைக்கில் பறந்துவந்தான்.

"சார், எனக்கு இன்னா சார் தெரியும்? நான் வூட்ல இருக்கேன். டிரைவரு ஆசப்பட்டு ஏத்திக்கினு வந்துட்டான் சார்."

அட்சரம் மாறாமல் அதே பேச்சு. ஆய்வாளர் ஃபைலைத் திறந்து ஒரு படத்தை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். "அப்ப இது யாரு?"

அவன் பார்த்தான். அடுத்த படம். அதற்கடுத்தது. உயர்த்திய கை எல்லாவற்றிலும் இருந்தது. ஜன்னலுக்குள் நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அதிகப்படி பாரத்தை இறக்காமல் வண்டி நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவன் லோடுமேன்களுக்குப் போன் போட்டான். வந்து பார்த்தவர்கள், "எங்களுக்கு இடுப்பு வேணுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். இடுப்பு ஒடிந்தவன் அவர்களோடு வேலை செய்தவன். கடைசியில் ஓனரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் கூடை கூடையாகக் கிழங்கை இறக்கி மேடை ஓரத்தில் கொட்டினான். அள்ளிப்போக ஆள் கிடைக்கவில்லை. மறுநாளே கிழங்கு கறுத்து, புளித்த நாற்றம் என் ஜன்னல் வழியாக வந்தது. ஜன்னலை நான் சாத்தவில்லை.

வண்டி மடங்கிய அன்று சாயங்காலமே தம்பியிடம் ஓடினேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், அவன் கூடை சுமந்ததை நடித்தும் காட்டினேன். பெட்டியிலிருந்து மிச்சம் இருந்த நகல்களை எடுத்துத் தம்பி மடியில் வைத்தேன். அவன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அடியில இன்னாக்கா வெட்டியிருக்குது?"

"ஆபரேட்டர் நம்பருடா. நான்னு தெரிஞ்சிடாதா?"

அந்த நறுக்கிய ஓரத்தை விரலால் தடவினான்.

"யாரோ ஒரு டிரைவரு சீட்டுக்கு ஒரு சீசன் காத்துக்கினு இருந்த. என் சீட்டு ரெண்டும் ரெண்டு வருசமா அதே கம்ப்யூட்டர்லதானக்கா இருக்குது."

அவன் மடியில் இருந்த மற்ற நகல்களை நான் அள்ளப் போனேன்.

"அந்த வக்கீலம்மா கேக்கச்சொல்ல நான் இன்னா சொல்றது? பாரம் ஜாஸ்தி, சீட்டு பொய்யின்னா, யாரு போட்டதுன்னு கேப்பாங்க. உன்னக் கூப்ட்டு நிக்க வெப்பாங்க. அதான் சொல்லல." நகலை என் கையில் திருப்பிக் கொடுத்தான். "நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், கத்திக் கத்தியே தப்பித்தும் இருப்பேன். அவனை ரோஷம் இல்லாதவன் என்று இரண்டு வருஷமாகத் திட்டியவள் நான். அவன் ஒரு காலோடு கிடந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறான். நான் கத்தரிக்கோலால் என்னையே காப்பாற்றிக்கொண்டிருந்தேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்ட தட்டைக்கூடச் சரியாக வைக்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் பழைய தேதியைத் தேடினேன். இருந்தது. முப்பத்தாறு டன் எண்ணூற்று நாற்பது கிலோ. ஆறு நிமிஷம் கழித்து இருபத்து மூன்று டன் இருநூற்று அறுபது. இரண்டின் அடியிலும் ஆபரேட்டர் 2. அச்சடித்தேன். கத்தரிக்கோலைத் தொடவில்லை. அங்கிருந்து நேரே வக்கீலம்மாவிடம் போய், டிரம் கொதித்தது, அவன் "போய்க்கினே ஆறும்" என்றது, நான் அடித்தது, எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். விஷயம் தெரிந்து, சாயங்காலத்துக்குள் மேடை முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்.

தம்பியின் வழக்கில் சாட்சி சொல்லப் போன அன்று கள்ளக்குறிச்சி கோர்ட் வராந்தாவில் அவன் நின்றிருந்தான். என் கையில் இருந்த இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு அருகே வந்தான். இத்தனை நாளில் முதல்முறையாக அவன் குரல் தாழ்ந்து வந்தது.

"யோசன பண்ணும்மா. பொய்ச் சீட்டு போட்டவ நீ. நீயும்தான் மாட்டிக்குவ."

"மாட்டிக்கிறேங்க. நீங்க மொத போங்க, நான் பின்னாடியே வரேன்" என்றேன்.

உள்ளே என்னைக் கூப்பிட்டார்கள். தம்பி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரண்டு சீட்டையும் நீட்டி, இதை அச்சடித்தது யார் என்று கேட்டார்கள்.

"நான்தாங்க" என்றேன். "கைய தூக்கினு பின்னாடி நின்னது அவருங்க."