பிணத்துக்கு வசனம் கிடையாது

1. வேடம்

கெமிக்கல் பிளான்ட்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் வால்வைப் பற்றியும் பம்ப்பைப் பற்றியும் கேட்பார்கள். நான் முதலில் ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிடுவேன். 2005இல் அண்ணாமலை நகரில் படித்தபோது எங்கள் டிபார்ட்மென்ட் விழாவுக்குப் போட்ட நாடகம் அது. ஊர்ப் பெரியவர் செத்துக் கிடக்கிறார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து சொத்துக்குச் சண்டை போடுகிறார்கள். நான்தான் அந்தப் பெரியவர்.

நாடகத்தை நடத்தியவன் ஃபைனல் இயர் ஜோசப். "மச்சான், ஒனக்குக் கூச்சம் ஜாஸ்தி. டெட் பாடியா படுத்துக்க. இருவது நிமிஷம் அசையாம கெடந்தா போதும்" என்றான். ஒத்திகையில் மூக்கில் ஈ உட்கார்ந்து நான் முகத்தைச் சுளித்தபோது, "செத்தவனுக்கு என்னாடா ஈ?" என்று கத்தினான். ஒரு மாத ஒத்திகையில் எல்லார் வசனமும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வசனமே இல்லாதவன் நான் ஒருவன்தான்.

நாடகத்தன்று மகளாக நடித்த கலைவாணி என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பாதியில் அவளுக்கு வசனம் மறந்துவிட்டது. "அப்பா..." என்றாள். மறுபடியும் "அப்பா..." என்றாள். பின்வரிசையில் விசில் பறந்தது. திரைக்குப் பின்னால் இருந்தவன் எடுத்துக்கொடுத்தது அந்தக் கூச்சலில் அவளுக்கு எட்டவில்லை. அழுவதுபோல என் முகத்தருகே குனிந்து, "சொல்லுடா, ப்ளீஸ்" என்று கெஞ்சினாள். அவள் காதுக்கும் என் வாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அந்த வரி எனக்குத் தெரியும். உதடு அசையாமல் முணுமுணுத்திருக்கலாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவள் நிஜமாகவே அழுதுகொண்டு உள்ளே ஓடினாள். அதன்பின் அவள் எந்த மேடையிலும் ஏறி நான் பார்க்கவில்லை.

ஜோசப் என்னைக் கட்டிப்பிடித்து, "நீ ஒருத்தன்தான்டா ஒழுங்கா நடிச்ச" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

2. ‘நான் பாத்துக்கறேன்’

2010இல் கடலூரில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில் ஷிஃப்ட் இன்ஜினியராக இருந்தேன். செம்மண்டலத்தில் வாடகை வீடு. புரொபேஷன் இன்னும் முடியவில்லை. விதிப்படி எந்த வால்வைத் திறந்தாலும் மூடினாலும் லாக் புக்கில் எழுத வேண்டும். அவசரத்தில் யாரும் எழுத மாட்டோம். "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவோம். அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் நம்பிக் கையை எடுத்துவிடுவார்.

தனலட்சுமி கான்ட்ராக்ட் தொழிலாளி. பரங்கிப்பேட்டையிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவார். கழிவுநீர் டேங்கின் லெவலைப் பார்த்து வால்வை மூடுவது அவர் வேலை. ஒரு நாள் பதினோரு மணி இருக்கும். "வால்வ மூடிட்டு டீக்குப் போறேன் சார்" என்றார்.

"மூடாதிங்கக்கா, இன்னும் கொஞ்சம் ஏறட்டும். நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அதற்குள் ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வேறு பக்கம் போனவன் வால்வை மறந்துவிட்டேன். டேங்க் வழிந்து, மஞ்சள் தண்ணீர் மழைநீர்க் கால்வாயில் இறங்கி வெளியே ஓடியது. அரை மணியில் பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டில் வந்து நின்றார்கள்.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் விசாரணை. உள்ளே போகுமுன் அவர் என்னைத் தனியாக நிறுத்தி, "ஒன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள்லதான் இருக்கு. நீ ஒண்ணும் பேச வேணாம், சும்மா ஒக்காரு" என்றார்.

"வால்வ ஏன்மா மூடல?" என்று தனலட்சுமியிடம் கேட்டார்.

"சாரு பாத்துக்கறேன்னாரு சார்."

"லாக் புக்ல அப்படி இல்லியே?"

தனலட்சுமி என் பக்கம் திரும்பினார். முகத்தில் துளிப் பயம் இல்லை. "சாரையே கேளுங்க. அவரு சொல்லுவாரு."

நான் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஆமாம், நான்தான் சொன்னேன்’ என்றால் முடிந்தது. கலைவாணியிடம் மூச்சைப் பிடித்தேனே, அதே மாதிரிதான் இங்கேயும் பிடித்துக்கொண்டேன். பழகிய வேலை, கஷ்டமாகவே இல்லை. மேனேஜர் போனை எடுத்து, அந்த அம்மாவின் கேட் பாஸை இனிமேல் ரினியூ பண்ண வேண்டாம் என்று கான்ட்ராக்டரிடம் சொன்னார்.

3. கேட்

மதியம் நான் கேண்டீனுக்குப் போகும்போது, தனலட்சுமி பாஸை ஒப்படைத்துவிட்டுக் கேட் பக்கத்தில் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும்.

"என்னா சார், ஒடம்பு சரியில்லியா?" என்றார். "உள்ள வாயே தொறக்கலியே, அதான் கேக்கறேன்."

நான் வேண்டுமென்றே பேசாமல் இருந்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "ஆமாக்கா, காச்சல்" என்றேன்.

"மாத்தர போட்டுக்குங்க. தேறுனதும் அவுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார். நான் வூட்லதான் இருப்பேன்."

அடுத்த வாரம் கன்ஃபர்மேஷன் லெட்டர் கைக்கு வந்தது. பையன் பக்குவப்பட்டுவிட்டான் என்று வீட்டில் சொன்னார்கள். 2012இல் வேறு கம்பெனிக்குப் போகும்வரை அந்த மேனேஜரைத் தினமும் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை.

நாடகத்தில் நடித்தால் பிள்ளைகளுக்குக் கூச்சம் போகும், ஆளாகிவிடுவார்கள் என்று கல்லூரி விழாக்களில் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆளானேன். அதனால் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ‘நான் பாத்துக்கறேன்’ என்று வாயில் வந்தால், அந்த நிமிடமே லாக் புக்கில் உங்கள் பெயரைப் போட்டு எழுதிவிடுங்கள். கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கேட்கும்போது சொல்ல மாட்டீர்கள்.