லூனா தோற்றுக்கொண்டே இருந்த நாட்கள்

ஜோசபைன் அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் கணவர் குமரன் அண்ணன்தான் போன் பண்ணினார். "படுத்தவ எழுந்திரிக்கலம்மா" என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு டேட்டா என்ட்ரி ஆபீஸ், ரெண்டாயிரத்துகளில். எனக்குப் பக்கத்து சீட் அக்கா. நான் அங்கேயே சாரம் பகுதியில் மில் தொழிலாளி வீட்டுப் பெண், அவர் வீட்டில் பாதி பேர் பிரான்சில். ஆனாலும் என் டிபன் பாக்ஸை என்னைக் கேட்காமல் திறக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

லஞ்ச் டைமில் எல்லாரும் குட்டித் தூக்கம் போடுவோம். அக்கா மட்டும் மாடிப்படி இறங்கி, கீழே இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடுவார். எதுக்கு? குதிரை வளர்க்க!

பிரெஞ்சு கேம் அது. கம்ப்யூட்டரில் ஒரு குதிரை... அதுக்குத் தீனி வைக்கணும், குளிப்பாட்டணும், ரேஸுக்கு அனுப்பணும். முப்பத்தஞ்சு வயசில் இதெல்லாம் தேவையா என்று நான் ஓட்டாத நாளில்லை.

அப்புறம்தான் கதை தெரிந்தது. பாரிஸில் இருக்கும் அண்ணன் மகள் க்ளாரா ஒரு லீவுக்கு வந்தபோது அத்தைக்கு இந்தக் குதிரையை உருவாக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அத்தை வைத்த ரசம் ரொம்பப் பிடித்துப்போய், குதிரைக்கும் "ரசம்" என்றே பேர். அவளுடைய குதிரை லூனா.

அதே வருஷம் அக்கா, குமரன் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டார். தவளக்குப்பம் பக்கத்தில் விவசாயக் குடும்பம், இந்து. அவ்வளவுதான்... பாரிஸ் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். பாப்பா க்ளாராவிடமும் பேச விடவில்லை.

கேமில் மெசேஜ் அனுப்பலாம்தான். ஆனால் சின்னப் பிள்ளைகள் அக்கவுன்ட்டுக்கு அந்த வசதி கிடையாது.

மிச்சம் இருந்தது ரேஸ் மட்டும். ஒரு ரேஸில் பத்து குதிரை ஓடும், ரிசல்ட்டில் பத்து பேரும் வரிசையாக வரும், அதை யாரும் திறந்து பார்க்கலாம். அந்த வரிசையில் லூனாவும் ரசமும் ஒரு தடவை சேர்ந்து வரணும்... அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். பாப்பா பார்த்தால் அத்தை இன்னும் இருக்கிறாள் என்று தெரியும்.

ஆனால் ஒரே லெவல் குதிரைகள்தான் ஒன்றாக ஓட முடியும். லூனா அஞ்சாவது லெவல். நம்ம ரசம் ஒண்ணாவது!

முதல் மூணு இடத்தில் வந்தால்தான் பாயின்ட். பாயின்ட் நிறைந்தால் தானாகவே மேல் லெவலுக்குத் தள்ளிவிடும், அப்புறம் கீழே இறங்கவே முடியாது. அதனால் லூனா இறங்கி வராது, ரசம்தான் ஏறணும்.

மார்க் என்றால் எனக்குக் கை பரபரக்கும், நானும் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு ரேஸுக்கும் குதிரையின் திறமைக்கு இவ்வளவு மார்க், நல்ல சேணம் கடிவாளம் மாட்டினால் கூடுதல், குதிரை களைத்திருந்தால் குறைச்சல்... கடைசியில் கம்ப்யூட்டரே போடும் அதிர்ஷ்டம் கொஞ்சம். அக்கா பிரெஞ்சைப் படித்துச் சொல்வார், நான் கூட்டிப் பார்த்துத் திட்டுவேன். "ஏங்க்கா களைச்ச குதிரைய ஓட்டுறீங்க? தூங்க வைங்க மொதல்ல!"

மூணாவது லெவல் வந்தது. நாலாவது வந்தது. லூனாவோ ஆறாவது லெவலுக்கு ஒரே ஒரு ஜெயிப்பு பாக்கி என்கிற நிலையில் நின்றது. அது ஏறிவிட்டால் நாங்கள் பட்ட பாடெல்லாம் வீண்.

அப்போதுதான் லூனா தோற்க ஆரம்பித்தது. எப்பவும் முதலாவதாக வரும் குதிரை, பத்தாவது. மறுநாளும் பத்தாவது. அந்த வாரம் முழுக்கக் கடைசி.

அக்கா பயந்துவிட்டார். "பாப்பாவுக்கு ஒடம்பு ஏதாச்சும் முடியலையாடி?" எஸ்டிடி பூத்துக்குப் போய்ப் பாரிஸுக்குப் போன் போட்டார். அண்ணன் எடுத்தார், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

நான் லூனாவின் மார்க்கைப் பிரித்துப் பார்த்தேன். சேணத்துக்கு முட்டை. கடிவாளத்துக்கும் முட்டை. எல்லா நாளும் அப்படியே.

"அக்கா... இது வேணும்னே தோக்குது."

அக்கா ஒவ்வொரு நாள் ரிசல்ட்டாகத் திறந்து பார்த்தார். "ரசம் ஏறி வர்றத அது பாத்துட்டுருக்குடி. எனக்காவ நிக்குது."

"நிக்கணும்னா ரேஸுக்கே அனுப்பாம இருக்கலாமேக்கா?"

"அனுப்பலன்னா ரிசல்ட்டுல பேரு வராதே. பேரு வந்தாத்தான நான் பாப்பேன்..."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். சென்டர்காரர் ஓடி வந்து, "ரிசல்ட் வந்துடுச்சாம்மா? எத்தினி பேப்பர் போச்சி?" என்றார். பாவம், அவர் கடையில் அப்படி அழுதவர்கள் எல்லாரும் பரீட்சையில் கோட்டை விட்டவர்கள்தான்.

ரசம் ஒருவழியாக அஞ்சாவது லெவலுக்கு வந்தது. ரெண்டு நாள் கழித்து ஒரே ரேஸில் ரெண்டு பேரும். லூனா சேணம் கட்டி வந்து முதலிடம். நம்ம ஆள் எட்டாவது.

அந்த ஜெயிப்போடு லூனா ஆறாவது லெவலுக்குப் போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அக்கா ஸ்க்ரீனைத் தடவிக்கொண்டே, "போவட்டும்டி... எம்மா நாளு தோத்துச்சி, பாவம்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்கணும்.

நான் வேலை மாறி சென்னை வந்துவிட்டேன். அப்புறம் பொங்கலுக்கும் கிறிஸ்மஸுக்கும் போன்தான். போன மாதம் பேசணும் என்று நினைத்தேன்... சரி, விடுங்கள்.

இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். இன்று சாயங்காலமே அடக்கம் என்றார்கள், சர்ச்சிலும் சொல்லியாகிவிட்டது. அதை நாளைக்குத் தள்ளச் சொல்லிவிட்டார் குமரன் அண்ணன். க்ளாரா பாரிஸில் விமானம் ஏறிவிட்டாளாம். "பாப்பா வராம எடுக்க மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம்.

இருங்கக்கா. வந்துட்டிருக்கா.