இடப்பக்கம் இழுத்த வண்டி

1. வெயிலில் வந்த ஆள்

எங்கள் ஒர்க்ஷாப் முதலாளி லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. லாரிக்குக் கிராங்க் அடிக்கும்போது அது திருப்பி உதைத்து மணிக்கட்டு பிசகிய அன்றுகூட, காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கட்டுப்போடப் போனார். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் மத்தியான வெயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டைப் பார்த்தபடியே கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார்.

தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் வலது தோள் இறங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, எதையோ பிடித்து நிறுத்தப் பார்ப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த உட்காரலை ராஜபாளையத்தில் எல்லாருக்கும் தெரியும். தையல் மிஷின் ஏஜெண்ட் அருமைநாயகம் அப்படித்தான் உட்காருவார். ஊர் ஊராகப் போய் மிஷின் விற்றவர். சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு கண்மாய்க் கரையிலிருந்து வண்டியோடு உருண்டு அவர் இறந்து பல மாதம் ஆகியிருந்தது.

கிட்டே வந்து நின்ற பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. வந்தது அவருடைய தம்பி ஜெபமணி. அண்ணன் பார்த்த ஏஜெண்ட் வேலை தம்பிக்கு வந்திருந்தது, பெரிய அடி படாமல் தப்பிய வண்டியும் அதோடு வந்துவிட்டது. அண்ணன் குட்டை, தம்பி நெட்டை. முகத்திலும் பெரிய ஜாடை கிடையாது. உட்காரல் மட்டும் அச்சு அசல் அண்ணன்.

வலது தோள்பட்டை தாங்க முடியாமல் வலிக்கிறது, ஹேண்டில்பாரையும் சீட்டையும் தன் உடம்புக்குத் தகுந்த மாதிரி வைத்துத் தர வேண்டும் என்று கேட்டார். முதலாளி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அவர் வீட்டில் தெலுங்கு, பதறினால் அதுதான் முதலில் வரும்.

"வத்து, வத்து. வேண்டாம்டா. வேலையைப் பாரு, ஆனா அந்த வண்டியில ஏறி ஓட்டாதே. செத்தவன் வண்டி."

செத்தவர் வண்டியில் ரத்த உறவு தவிர வேறு ஆள் ஏறக் கூடாது என்பது அப்போது எங்கள் பக்கத்து ஒர்க்ஷாப்களில் எழுதாத சட்டம். எந்த ரிப்பேர் முடிந்தாலும் ட்ரையல் ஓட்டிப் பார்க்காமல் வண்டியைக் கொடுக்க மாட்டோம். இந்த மாதிரி வண்டிக்கு மட்டும் ட்ரையல் கிடையாது. ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை முடுக்கிப் பார்ப்பதோடு சரி.

2. சீட் வைத்த கதை

இப்போதுள்ள பிள்ளைகள் ஹேண்டில்பாரை முறுக்கிவிட்டு "சரியா சார்?" என்று கேட்பதோடு விட்டுவிடுகிறார்கள். நாங்கள் அப்படி விட மாட்டோம். ஆளை வண்டியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கையை நீட்டச் சொல்வோம். கை தானாகப் போய் நிற்கிற இடத்துக்கு கிரிப் வர வேண்டும். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது.

சீட்டைக் கழற்றினேன். அடியில் இருந்த இரண்டு ஸ்பிரிங்கில் வலதுபக்கத்து ஸ்பிரிங் அமுங்கிச் செத்திருந்தது. ஹேண்டில்பாரை யாரோ வலது கிரிப் உடம்புக்குக் கிட்டே வருகிற மாதிரி திருகி வைத்திருந்தார்கள். குட்டையாக, வலதுபக்கம் சாய்ந்த ஓர் ஆள் இன்னும் அதில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அந்த ஆளைக் கலைத்துவிட்டு ஜெபமணியின் அளவுக்கு எல்லாவற்றையும் புதிதாக வைத்தேன். புது ஸ்பிரிங் போட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்துதான் புறப்பட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். வலது தோள் இறங்கியிருந்தது. புது ஸ்பிரிங் பழையது போலவே அமுங்கிக் கிடந்தது. சுந்தரபாண்டியத்தில் இவர் வண்டியைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு பெருமைதான் தெரிந்தது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

எஞ்சினைப் பற்றிக் கேட்போம் என்று, "வண்டி நல்லா இழுக்குதா?" என்றேன்.

"வண்டி எங்க இழுக்குது அண்ணாச்சி? அண்ணன்லா இழுக்காவ."

நான் கேட்டது இரும்பை. அவர் மரியாதை போட்டு ஒரு மனுஷனைச் சொன்னார். பட்டப்பகலில், பக்கத்தில் பத்துப்பேர் வேலை செய்கிற இடத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

3. இரண்டு சட்டைகள்

அடுத்து வந்தது அருமைநாயகத்தின் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் குடியிருந்த டீச்சரம்மா. ஜெபமணியை வண்டியோடு வரச் சொல்லிவிட்டு, அவர் வருவதற்கு முன்பே பஸ்ஸில் வந்து சேர்ந்துவிட்டார். ஒரு பையிலிருந்து இரண்டு சட்டைகளை எடுத்து பெஞ்சில் விரித்தார். ஒன்று அவர் புருஷனுடையது, மற்றது கொழுந்தனுடையது. இரண்டிலும் வலது தோள் தையல் ஒரே இடத்தில் பிரிந்து, ஒரே மாதிரி ஒட்டுப் போட்டிருந்தது.

"ரெண்டையும் நான்தான் தச்சேன் தம்பி. அவிய சட்டையை இப்படித் தச்சுக் குடுத்த கொஞ்ச நாள்லதான் போயிட்டாவ. இப்ப இவன் சட்டையும் அங்கயே கிழியுது. இவனையும் கொண்டுபோயிருவாவளோன்னு பயமா இருக்கு."

பேயைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? ஆனால் துணி பொய் சொல்லாது. ஒரே இடத்தில் கிழிய வேண்டுமானால் ஒரே இடத்தில் பலம் விழ வேண்டும். அவர் புருஷனுக்கும் தோள்வலி இருந்ததா, எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். சாவதற்கு ஒரு வருஷம் முன்பு செட்டியார்பட்டிப் பக்கம் மாட்டுவண்டி ஒன்றில் மோதியதாகவும், வெளியூரில் ஹேண்டில்பாரை நிமிர்த்தி வாங்கியதாகவும், அதன் பிறகுதான் தோள்வலி வந்ததாகவும் சொன்னார்.

ஜெபமணி வந்ததும் முதலாளியைக் கேட்காமல் வண்டியை வாங்கி ஏறிவிட்டேன். முதலாளி "வத்துரா" என்று கத்தியது காதில் விழுந்தது. ஊரைத் தாண்டி, நேர் ரோட்டில், பிடியை லேசாகத் தளர்த்தினேன். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. ஹேண்டில்பார் மெதுவாக, அவசரமே இல்லாமல், இடப்பக்கம் திரும்பியது. வெடுக்கென்று இழுத்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். தெரிந்தவர் கையைப் பிடித்து 'இப்படி வா' என்று கூட்டிப்போகிற மாதிரி இருந்தது. நான் வலப்பக்கம் சாய்ந்து பிடித்தேன். வலது தோள் தானாக இறங்கியது. ரோட்டில் விழுந்த என் நிழலைப் பார்த்தேன். அருமைநாயகம் போய்க்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, சக்கரங்களின் இரண்டு பக்கமும் நூல் பிடித்துப் பார்த்தேன். மில் ஊரில் நூலுக்கா பஞ்சம்? பின்சக்கரத்துக்கு நேராக முன்சக்கரம் நிற்கவில்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க் முறுக்கிக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரை நிமிர்த்தியவன் போர்க்கைப் பார்க்காமல், வலிக்கிறது என்றதும் சீட்டையும் பாரையும் வலிக்குத் தகுந்த மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறான். அந்தச் சாய்ந்த உட்காரலே அருமைநாயகத்துக்குப் பழகிவிட்டது. கண்மாய்க் கரையில் பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும்.

போர்க்கைக் கழற்றி உலையில் காய்ச்சி நிமிர்த்த வேண்டும் என்றேன். ஜெபமணி வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"நிமித்தாதீய அண்ணாச்சி. நிமித்துனா அண்ணன் போயிருவாவ. இப்ப எங்கூட இருக்காவ. என் கையைப் பிடிச்சிருக்காவ."

முதலாளி சத்தம் போட்டுப் பார்த்தார். நான் நூலைக் காட்டினேன். ஜெபமணி நூலைப் பார்க்கவே இல்லை. டீச்சரம்மா எழுந்து போய் அவருடைய வலது தோளில் கை வைத்தார். அவர் வலியில் முகத்தைச் சுளித்தார்.

"வலிக்குதா ஜெபமணி?"

"வலிக்குது மதினி."

"அப்ப அது உங்க அண்ணன் இல்ல. அவிய கையைப் பிடிச்சா வலிக்காது. எனக்குத் தெரியாதா?"

அவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டே வண்டியை விட்டு விலகினார்.

போர்க்கை நிமிர்த்தி, நூல் பிடித்து, சீட்டையும் பாரையும் திரும்ப வைத்துக் கொடுத்தபோது மாலையாகிவிட்டது. இந்தத் தடவை முதலாளியே ட்ரையல் ஓட்டினார். அன்றிலிருந்து எங்கள் கடையில் யார் வண்டியானாலும் ட்ரையல் உண்டு. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒருவர் வலிக்கிறது என்றால் உடனே சீட்டைத் தொடாதீர்கள். வலி எங்கேயிருந்து வருகிறது என்று முதலில் ஏறிப் பாருங்கள். காரணம் தெரியாமல் சௌகரியம் செய்து கொடுப்பது ஆளைக் கொல்லும்.

ஜெபமணி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் புறப்பட்டுப் போனார். இரண்டு தோளும் சமமாக, நெட்டையாக, யார் சாயலும் இல்லாத ஒரு வாலிபன் போய்க்கொண்டிருந்தான். பஸ்ஸுக்குக் காத்திருந்த டீச்சரம்மா வண்டி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை கலங்காத கண் அப்போதுதான் கலங்கியது. என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"தினமும் சாயங்காலம் இவன் வண்டியில வரும்போது அவிய வார மாதிரியே இருக்கும் தம்பி. பழையபடி ஆக்கித் தாங்கன்னு கேக்கணும் போல இருக்கு. கேக்க மாட்டேன்."