சுற்றுவதற்கெல்லாம் பொட்டு

எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் ஆயுத பூசையன்று சுற்றுகிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். நிற்கிற சாமானுக்கு ஒரு பொட்டு போதும். உருளை, காற்றாடி, பல்சக்கரம் என்று சுற்றுகிற ஒவ்வொன்றுக்கும் மட்டும் தனித்தனியாகச் சந்தனமும் குங்குமமும் வேண்டும். கையைக் கடிப்பவை அவைதான். கொழுந்து அரைக்கிற இயந்திரத்துக்கு விரல் கொடுத்தவர்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இருந்தார்கள். அதனால் அன்று காலை மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பெண்கள் தட்டோடு உள்ளே போய், ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்துவிட்டு வருவார்கள்.

பலாங்கொடைக்கு மேலே இருந்த அந்தத் தொழிற்சாலையில் நான் தகுதிகாண் காலத்து டெக்னீசியனாக இருந்தேன். இலங்கையில் யுத்தம் இன்னும் முடியாத காலம். என் அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. அவர்கள் மகள் நான் உயர்தரம் கணிதத்தில் தேறி, இரத்தினபுரிக்குப் போய்த் தொழில்நுட்ப டிப்ளோமா படித்துவிட்டு, அம்மா தேயிலை பொதி செய்கிற அதே கட்டடத்துக்குக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். அதைப் பெருமை என்று சொன்னார்கள். பெருமைதான். மறைத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

என்னோடு இன்னொருவர் இருந்தார். பலாங்கொடை டவுனில் சாமான் கடை வைத்திருந்தவரின் மகன், என்னைவிட மூத்தவர். மோட்டார் வேலையில் கெட்டிக்காரர். இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று முதல் நாளே மெனேஜர் சொல்லியிருந்தார். தேயிலையைப் பெக்கட்டில் அடைக்கிற புது இயந்திரம் ஓடிய பிறகு முடிவு.

இருந்தும் நாங்கள் போட்டியாக இருக்கவில்லை. ஒருமுறை இருவரும் இரத்தினபுரியிலிருந்து சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். என் பையில் வயர்ச் சுருளும் குறடும் லெப்டொப்பும் இருந்தன. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். ஆமிக்காரர் வயரை வெளியே இழுத்துப் பார்க்கத் தொடங்கியதும் என்னோடு வந்தவர் எழுந்து வந்து, "மகே நங்கி" என்றார். என் தங்கை. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், மெசின் வேலை செய்கிறாள் என்று சிங்களத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, பையைத் திரும்ப வாங்கித் தந்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

இயந்திரத்தின் வேலை எளிமையானது. மினுமினுப்பான தாள் சுருளிலிருந்து ஒரு உருளை தாளை இழுக்கும், ஒரு பெக்கட் நீளம் வந்ததும் நிற்கும், தேயிலை விழும், ஒட்டும், வெட்டும். அந்த உருளையைத் திருப்புவது சேர்வோ மோட்டார். எவ்வளவு திரும்ப வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுப்பது சேர்வோ டிரைவ், ஒரு தடித்த புத்தகம் அளவுப் பெட்டி. டிரைவுக்குக் கட்டளை கொடுப்பது பி.எல்.சி. என்கிற கட்டுப்பாட்டுக் கருவி. இந்த இரண்டையும் ஈதர்நெட் கேபிளால் பேச வைப்பது என் பொறுப்பு. இயந்திரத்தை விற்றவர்கள் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏற்கெனவே எங்களிடம் இருந்த கட்டுப்பாட்டுக் கருவியோடு அதை இணைப்பது எங்கள் வேலை என்றார்கள்.

முதலில் அவை பேசவே இல்லை. பிறகு பேசின, ஆனால் மோட்டார் வேகம் எடுக்கும்போதெல்லாம் பேச்சு அறுந்தது. பொதி அறைப் பெண்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். "கொழுந்து கிள்ற வம்சம் வயரு கிள்ளுது பாரு," என்றாள் ஒருத்தி. "கிள்ளட்டும் விடு, நமக்கு முத்துன கொழுந்தக் கிள்ளுனா திட்டு, அதுக்கு மாத்தி வயரக் கிள்ளுனா திட்டு," என்றாள் மற்றவள். அம்மா அவர்களோடு சேர்ந்து சிரிக்க மாட்டாள். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பாள்.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். அண்ணன் என் கேபிளை மோட்டாரின் மின்கம்பியோடு ஒன்றாகக் கட்டி, ஒரே தட்டில் ஓட்டியிருந்தார். பார்க்க நேர்த்தியாக இருக்கும்; மோட்டார் ஓடினால் அதன் மின் இரைச்சல் முழுவதும் பேச்சுக் கம்பியில் ஏறும். இரண்டையும் பிரித்து வேறு வழியாக ஓட்டினேன். பேச்சு அதன்பின் ஒருமுறையும் அறுபடவில்லை. பிழை யாருடையது என்று மெனேஜர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இயந்திரம் ஓடிய மாலை, வேலை முடித்துப் போக இருந்த அம்மாவைக் கூப்பிட்டு, இந்தக் கருவிகளெல்லாம் இருக்கிற அலமாரியான பெனலைத் திறந்து காட்டினேன். டிரைவின் முகத்தில் பருப்பு அளவில் இரண்டு சிறு குமிழ்கள், பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றையும் சுற்றி எண்கள்.

"லயத்துல ஒவ்வொரு காம்பராவுக்கும் நம்பர் இருக்குல்லம்மா. அத மாதிரித்தான் இதுக்கும். அந்தப் பெட்டி பன்னெண்டாம் நம்பரக் கூப்புடும். இது பன்னெண்டுல இருந்தாத்தான் பதில் சொல்லும்."

"இதுலயா நம்பர் வக்கிற?"

"ஆமா. இந்தா பாருங்க, சுத்தும். இது ஒன்னு, பக்கத்துல ரெண்டு, சேத்தா பன்னெண்டு. கரண்ட் வர்றப்ப ஒரு தடவ பாத்துக்கும். பொறவு பாக்காது."

"இத்துனூண்டு இருக்கு, இதுவும் சுத்துமா," என்று அம்மா குனிந்து பார்த்தாள். அவள் மூச்சு டிரைவின் சிறு கண்ணாடித் திரையில் படிந்தது எனக்கு நினைவிருக்கிறது.

புது இயந்திரத்தை ஆயுத பூசையன்று ஓட்டிக் காட்டுவதென்று முடிவானது. கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மெனேஜர் சிங்களவர், பூசைக்கு எதிரானவர் அல்ல. ஆனால் பெனலுக்குள் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். "இது பழைய மெசின் இல்லை மிஸ்." பொட்டு இல்லாமல் இந்த இயந்திரத்தில் ஒரு பெண்ணும் கை வைக்க மாட்டாள் என்று நான் வாதாடினேன். ஒரே ஒருவர் வைக்கட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். "ஏதாவது நடந்தால்?" என்றார். "நான் பதில் சொல்கிறேன் சேர்." அந்த ஒருவர் யார் என்பதைப் பெண்களே தீர்மானித்தார்கள். "மெசினுக்கு உசுரு குடுத்தது ஒன் மகதானே, நீயே வையி," என்று தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டார்கள்.

அன்று அம்மா நீலச் சேலை கட்டியிருந்தாள். மெயின் இறக்கியிருந்தது. பெனலைத் திறந்து, டிரைவின் மேல்பக்கத்தைக் காட்டி, இங்கே ஒன்று போதும் என்றேன். அதற்குள் கொழும்பு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று மெனேஜர் கூப்பிட்டார். "போங்க தங்கச்சி, நா நிக்கிறேன்," என்றார் அண்ணன். போனேன். திரும்பி வந்தபோது சாம்பிராணிப் புகை பொதி அறை முழுவதும் நிறைந்திருந்தது.

மெயினை ஏற்றினோம். இயந்திரத்தின் திரை சிவந்தது. டிரைவைக் காணவில்லை என்றது.

கேபிளைப் பார்த்தேன், பச்சை விளக்கு எரிந்தது. லெப்டொப்பைச் சொருகிப் பன்னிரண்டாம் எண்ணை அழைத்தேன். பதில் இல்லை. கம்பி நல்லது, டிரைவுக்கு மின்சாரம் இருக்கிறது, ஆனால் கூப்பிட்ட எண்ணில் ஆள் இல்லை. பெனலுக்குள் எங்கு பார்த்தாலும் சந்தனம். பூசை நாளில் அது கண்ணில் உறுத்தாது. என் பின்னால் கொழும்புக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேல ஒபிசுக்குப் போயி மெசின் கம்பெனிக்கு ஒரு போன் கோல் எடுங்களேன். இங்க சிக்னல் நிக்காது," என்றார் அண்ணன் மெதுவாக. "நா இங்க பாத்துக்கிறேன்."

தொலைபேசியில் கேள்வி கேட்பார்கள் என்று லெப்டொப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு படியேறினேன். அந்தப் பக்கம் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. காத்திருந்தபோது கீழே மெயின் ஒருமுறை இறங்கி ஏறுகிற சத்தமும், பிறகு உருளையின் சத்தமும் கேட்டன. டக், டக் என்று பெக்கட்டுகள் விழுந்தன. பெண்கள் கைதட்டினார்கள்.

நான் இறங்கி வந்தபோது அண்ணன் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மெனேஜரிடம் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். "சின்னப் பிழைதான் சேர். ப்ரோக்ரேமில் தங்கச்சி எண்ணை மாற்றிப் போட்டிருந்தாள். திருத்திவிட்டேன்."

"ப்ரோக்ரேமைத் திருத்த லெப்டொப் வேண்டும்," என்றேன். "லெப்டொப் என்னிடம் இருக்கிறது." கையில் தூக்கியும் காட்டினேன்.

அங்கே நின்ற யாருக்கும் அந்தச் சொல்லின் அர்த்தம் புரியவில்லை. கொழும்புக்காரர் ஒருவர் சிரித்தார். "கமக் நே," என்றார் மெனேஜர், பரவாயில்லை என்று. அது மன்னிக்கிற குரல். நான் செய்யாத பிழைக்கு எனக்கு மன்னிப்புக் கிடைத்தது. பொதி மேசையருகே நின்ற அம்மா, ஏற்கெனவே அடுக்கியிருந்த பெக்கட்டுகளைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். தலை நிமிரவில்லை.

எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு பெனலைத் திறந்தேன். மேல்பக்கம் நான் காட்டிய இடத்தில் ஒரு பொட்டு. கீழே இரண்டு குமிழ்களின் மேலும் ஒவ்வொரு பொட்டு. இடது குமிழில் சந்தனமும் குங்குமமும் வட்டமாக, அழகாக இருந்தன. வலது குமிழின் பொட்டை ஒரு கூர் குறுக்கே கிழித்திருந்தது. குங்குமத்தின் நடுவில் திருகாணி முடுக்கியின் நேர்க்கோடு. குமிழ் இப்போது இரண்டில் நின்றது. சந்தனத்தின் தீற்றல் மூன்று வரை போய்த் திரும்பியிருந்தது. பொட்டு வைக்கிறவள் விரலை அழுத்தி ஒரு திருப்புத் திருப்பித்தான் எடுப்பாள். பன்னிரண்டு பதின்மூன்றாகிவிட்டது. மின்சாரம் வந்தபோது டிரைவ் தன்னைப் பதின்மூன்று என்று எடுத்துக்கொண்டது.

அண்ணன் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க எதத் திருத்துனீங்க?"

"ஓடுதுதானே தங்கச்சி. விடுங்க."

"எதன்னு கேட்டேன்."

அவர் சோற்றைப் பிசைந்தார். "வீட்டுல போயி உங்க அம்மாட்ட கேளுங்க."

அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். குமிழின் மேல் ஏன் வைத்தாள் என்று கேட்டேன்.

"நீதானே சொன்ன, அது சுத்தும்னு," என்றாள். "சுத்துறதுக்கு வைக்காம எப்பிடி வர்றது?"

"நீங்க வச்சதுக்கு நா ஒன்னும் சொல்லல. அண்ணன் திருப்புனத பாத்தீங்களா?"

"பாத்தேன். யாரு இதுல வச்சதுன்னு கேட்டாரு. நாந்தான் தம்பின்னேன். வெளிய சொல்லிறாதீங்க, சொன்னா இனிமே இந்த ஸ்டோருல பூசையே இருக்காது, ஒங்க பேரையும் வேலையிலேருந்து வெட்டிருவாங்கன்னாரு."

"அவரு எம்மேல பழி போட்டப்ப நீங்க அங்கதான் நின்னீங்க."

அம்மா மாவை உருட்டினாள். ஒரே உருண்டையைத் திரும்பத் திரும்ப உருட்டினாள். "பேர வெட்டுனா குடியிருக்குற காம்பரா போயிரும். அப்பாவுக்கும் இப்ப வேல இல்ல. நீ படிச்சவ. ஒனக்கு எங்க போனாலும் கெடைக்கும் புள்ள."

"நாளைக்கு எங்கூட வந்து மெனேஜருட்ட சொல்லுங்க. நா பேசுறேன். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

அவள் அடுத்த உருண்டையைத் தட்டத் தொடங்கினாள். மறுநாள் காலை அலுவலக வாசலில் நின்றேன். பெண்கள் வழக்கமாக அந்த வாசலைத் தாண்டித்தான் பொதி அறைக்குப் போவார்கள். அன்று அம்மா கொழுந்து இறக்குகிற பக்கமாகச் சுற்றி, மற்றவர்களுக்கு நடுவில் போனாள். நீலச் சேலை இல்லை, வேலைச் சேலை. திரும்பிப் பார்க்கவில்லை.

தனியாகத்தான் உள்ளே போனேன். குமிழ் திரும்பியிருந்ததையும் அவர் அதைத் திருப்பி வைத்ததையும் சொன்னேன். மெனேஜர் கவனமாகக் கேட்டார்.

"யார் திருப்பியது மிஸ்?"

அவர் தலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி வழியாகப் பொதி அறை தெரிந்தது. அம்மாவின் முதுகு தெரிந்தது. ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும்.

"தெரியாது சேர்."

"பெனலுக்கு நீங்கள் பதில் சொல்வதாகச் சொன்னீர்கள்," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அவர் சொன்னதும் பிழை இல்லை.

தகுதிகாண் காலம் முடிந்ததும் அண்ணனை நிரந்தரமாக்கினார்கள். என்னிடம் வந்து கையை நீட்டினார். "ஒன்னும் மனசுல வச்சுக்காதீங்க தங்கச்சி," என்றார். நான் கையைக் கொடுக்கவில்லை. மனசில் வைத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

கொழும்புப் பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. அம்மா சொன்னது போலவே கிடைத்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. புறப்படுகிற காலை, சாமிப் படத்தின் முன்னாலிருந்து குங்குமத்தை எடுத்துக்கொண்டு அவள் என் அருகே வந்தாள். நான் பையைத் தூக்குவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விரல் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு அதைச் சேலையில் துடைத்தாள். பலாங்கொடை பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது, நடந்துவிட்டேன்.

இப்போது நான் பொறுப்பில் இருக்கிற இயந்திரங்களில் டிரைவுகள் நிறைய. ஒவ்வொன்றையும் மின்சாரம் ஏற்றுவதற்கு முன் குனிந்து குமிழைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். லயத்துக்கு எப்போதாவது போகிறேன். அந்தப் பெக்கட் இயந்திரம் இன்னும் நான் வைத்த பன்னிரண்டாம் எண்ணில்தான் ஓடுகிறது என்று அங்குள்ள பெண்கள் சொல்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தியையும் அதன் முன்னால் நிறுத்தி, "இதுக்கு உசுரு குடுத்தது எம் மகதான்," என்று அம்மா சொல்கிறாளாம். கேட்காதவர்களிடமும் சொல்கிறாளாம்.

அன்றைக்கு ஒரே ஒருவரிடம் சொல்லியிருந்தால் போதும்.