சிவப்புப் பம்புத் தண்ணீரும் அக்காவின் கையும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அக்காவை “சாந்த குணம் கொண்டவர்” என்று எழுதித் தரச் சொன்னார் அச்சகக்காரர். எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார்களாம். என்னால் முடியவில்லை. அக்கா இரும்புச் சங்கிலியைக் கல்லால் அடித்து அறுத்தவர். எலும்பு முறிந்த கையோடு குடம் தூக்கியவர். அவர் போய் ஓராண்டு நிறைகிறது. உங்களில் சிலர் இன்னமும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் ஒன்றுக்கு இன்று நான் உரக்கப் பதில் சொல்ல வேண்டும்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கரும்பு வெட்டும் குடும்பத்தில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். மாமாவைக் கட்டிக்கொண்டு, தம்பி என்னையும் இழுத்துக்கொண்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் தில்லிக்கு ரயிலேறினார். இந்த நகரத்து மாடிகளில் அக்கா தலையில் சுமந்த சிமெண்ட் இருக்கிறது. மீதி அவர் நெஞ்சுக்குள் இருந்தது. சாரம் சரிந்து மாமா போன பிறகு, தமிழர் குடிசைகள் நிறைந்த எங்கள் மதராசி கேம்பிலிருந்து, நாலா என்கிற சாக்கடைக் கால்வாயைத் தாண்டி, எதிர்க்கரைக் காலனியில் பாத்திரம் தேய்த்தார். அப்படித்தான் மகள் மல்லிகாவை வளர்த்தார். அப்படித்தான் என்னைப் பூசா ரோட்டுப் பள்ளிக்கு அனுப்பினார்.

நாலா என்ன பெரிய அகலம்? ஒரு பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினால் பாலமாகிவிடும். அந்தக் கரையில் வீட்டுக்கு வீடு குழாய். இந்தக் கரையில் ஒரே ஒரு கைப்பம்பு. மழை பெய்தால் சாக்கடை பொங்கி எங்கள் குடிசைக்குள் வந்து படுத்துக்கொள்ளும். வடிந்த பிறகு அதே மண்ணுக்கு அடியிலிருந்து நீர் இறைத்துக் குடிப்போம்.

ஒரு வருடம், ஆடிக்கு முன்னால், சர்க்கார் ஆள் ஒருவர் வந்து பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எங்களுக்குச் சிவப்பு அம்மன் நிறம்.

“பாருடா, கவர்மெண்டே ஆத்தாளுக்குச் சேலை கட்டி உட்டுட்டுப் போவுது!” என்று அக்கா சிரித்தார்.

பம்புக்கு மஞ்சள் பூசினோம், வேப்பிலை கட்டினோம். குங்குமம் வைத்தது நான். ஆடி ஞாயிற்றுக்கிழமை அந்தத் தண்ணீரில்தான் கூழைக் கரைத்தோம். அக்கா தம் கையால் மொண்டு ஊற்றினார். பிள்ளைகள் சொம்பு சொம்பாகக் குடித்தன.

இரண்டாம் நாள் கேம்பே வாந்தியெடுத்தது. அடுத்த வீட்டு அஞ்சலையின் மகள் செல்விக்குக் காலையில் ஆரம்பித்தது. கண் உள்ளே போயிற்று. தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அஞ்சலை அக்காவின் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

“உன் கையாலதானடி ஊத்துன! இன்னொரு சொம்பு குடி கண்ணுன்னு ஊத்துனியேடி, பாவி!”

அக்கா தடுக்கவில்லை. நெற்றியில் வழிந்த ரத்தத்தையும் துடைக்கவில்லை. உள்ளே மல்லிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

டிஸ்பென்சரியில் உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் கொடுத்தார்கள். நல்ல தண்ணீரில் கரைத்துக் கொடு என்றார்கள். நல்ல தண்ணீர்! அக்கா வேலை செய்யும் வீட்டுக்கு ஓடினோம். அந்த அம்மாள் கேட்டைத் திறக்காமலே இந்தியில் கேட்டார்: “சிவப்பு பம்பு தண்ணிய குடிக்கக் கூடாதுன்னு மைக் வச்ச வண்டி ரெண்டு நாளா சுத்துச்சே, உங்க பக்கம் வரலையா?”

வரவில்லை. வண்டி பாலத்தைத் தாண்டவில்லை. பம்பே இல்லாத தெருக்களுக்கு எச்சரிக்கை. பம்பைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்களுக்கு வெறும் பெயிண்ட்.

கேட் கடைசிவரை திறக்கவில்லை. காலனிப் பூங்காவில் செடிகளுக்கென்று ஒரு குழாய் உண்டு. நோய் பரவியதும் அதைச் சங்கிலியால் கட்டிப் பூட்டியிருந்தார்கள். அக்கா குடத்தோடு போய் நின்று, அண்ணா என்று காவல்காரரை இந்தியில் கெஞ்சினார்.

“பையா, ஒரு குடம். ஒரே ஒரு குடம்.”

“ஹட் ஜா! பீமாரி மத் லா!” தள்ளிப் போ, நோயைக் கொண்டு வராதே என்று அந்தச் சவுக்கிதார் லத்தியை ஓங்கினார்.

எனக்குப் பின்னால் மூச்சிரைக்கும் சத்தம். அஞ்சலை. செல்வியைப் பாயில் கிடத்திவிட்டு, வீட்டு அம்மிக் குழவியை மாரோடு அணைத்துத் தூக்கி வந்திருந்தார். அக்காவிடம் நீட்டினார்.

“இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? ஒடை. உன்னுதாவது பொழைக்கட்டும்.”

அக்கா அடித்தார். சங்கிலியில் கல், முதுகில் லத்தி. மறுபடி கல், மறுபடி லத்தி. மணிக்கட்டில் இறங்கிய அடியில் விறகு முறிகிற சத்தம் கேட்டது. குழவியை மறு கைக்கு மாற்றினார். ஹாக்கி மட்டையோடு ஓடிவந்த காலனி ஆட்கள் இரண்டு பேருக்குக் குறுக்கே விழுந்து அத்தனை அடியையும் அஞ்சலை வாங்கிக்கொண்டார். நான் சவுக்கிதாரின் வாயில் குத்தினேன். அவர் பல் என் விரலைக் கிழித்தது. அவருக்கும் எங்களைப் போலக் கூலிதான், எங்களைப் போலக் குடிசைதான். அது எனக்கு அன்று தோன்றவில்லை. பாலத்தின் மேல் நம் ஜனம் குடங்களோடு ஓடிவந்தது. கற்கள் பறந்தன. சங்கிலி அறுந்தது. தண்ணீர் வந்தது, அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சாதாரணமாக.

மல்லிகா பிழைத்தாள். எல்லாப் பிள்ளைகளும் பிழைக்கவில்லை.

அதற்குப் பின் எந்த விசேஷத்திலும் அக்கா யாருக்கும் பரிமாறியதில்லை. திமிர் என்றீர்கள். கை ராசியில்லை என்றார்கள் சிலர், ஆத்தா கோபம் என்றார்கள் சிலர். சென்ற ஆண்டு, நெஞ்சில் சிமெண்ட் இறுகி, ஆஸ்பத்திரி வராந்தாவின் தரையில் கிடந்தபோது அக்கா என்னைக் கேட்டார்.

“டே தம்பி, நெசமா சொல்லு. என் கைதான் காரணமா?”

“இல்லக்கா. தண்ணி.”

“மொண்டது யாரு?”

இப்போது அச்சில் சொல்கிறேன்: அக்காவின் கையில் குற்றமில்லை. குற்றம், பாலத்தோடு திரும்பிப் போன வண்டியில் இருக்கிறது. இனி யாரும் கூழைப் பற்றிப் பேச வேண்டாம்.

வராந்தாவில் பாய்க்கு இடம் ஒதுக்கித் தந்த நோயாளிகளுக்கும், ரிசர்வேஷன் இல்லாமல் நின்றுகொண்டே வந்து சேர்ந்த சித்தப்பா குடும்பத்துக்கும், மல்லிகாவோடு முறைபோட்டு அக்காவைப் பார்த்துக்கொண்ட கேம்ப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒன்று. அக்காவைக் கிடத்தியிருந்த அன்று, வாய்க்கரிசி போட நீங்கள் உறவுமுறைப்படி வரிசையில் நின்றீர்கள். அஞ்சலை இடித்துக்கொண்டு முன்னே வந்தார். “நவுருங்க. மொதல்ல நான் போடுவேன்.” போட்டார். பிறகு அக்காவின் அந்தக் கோணல் கையை எடுத்துத் தம் கன்னத்தில் வைத்துக்கொண்டார். உறவில்லாத அவரை உங்களில் ஒருவரும் தடுக்கவில்லை. அதற்காக உங்கள் ஒவ்வொருவரையும் கும்பிடுகிறேன்.