ஆறு வரிப் புகார்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால் கறக்கும்போது செம்புக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன். சலவைக்குப் போன வேட்டி திரும்பி வந்தால், அது என்னுடையதுதானா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பேன். இப்படிப்பட்ட ஒருவன் ஆறு பேரை வைத்து அச்சகம் நடத்தினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அச்சகம் மயிலாப்பூர் குளத்துக்கு வடக்கே ஒரு சந்தில். யுத்த காலம். கல்யாணப் பத்திரிகை, சபா நோட்டீஸ் என்று வேலைக்குக் குறைவில்லை, காகிதத்துக்குத்தான் தட்டுப்பாடு. ஒரு ரீம் வெள்ளைத் தாளுக்கு நாலு இடம் அலைய வேண்டும். அப்படி அலைந்து வாங்கி வந்த தாள் என் அச்சகத்தில் வாராவாரம் குறைந்துகொண்டே வந்தது. கட்டாகப் போகவில்லை. பத்துப் பத்தாக, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

எழுத்துக் கோப்பவர்கள் மூன்று பேர், அச்சு இயந்திரத்தைக் காலால் மிதித்து ஓட்டுபவர் ஒருவர், பைண்டர் ஒருவர். ஆறாவது ஆள் என் மனைவியின் தம்பி. கோபாலபுரத்தில் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்குகிறவன். புரூப் பார்ப்பதற்கு என்று பெயருக்கு வைத்திருந்தேன். மற்ற ஐந்து பேரையும் பார்ப்பதுதான் அவனுக்கு நான் கொடுத்த வேலை. தினமும் வீட்டுக்கு நடக்கும்போது இன்று என்ன நடந்தது என்று கேட்பேன். "ஒண்ணும் இல்ல அத்தான்" என்பான். அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இருந்ததே இல்லை.

மாலையில் வேலை முடிந்ததும் நான் வாசலில் நிற்பேன். ஒவ்வொருவரும் பையைத் திறந்து காட்ட வேண்டும். சாப்பாட்டுத் தூக்கு, துண்டு, வெற்றிலைப் பொட்டலம் எல்லாவற்றையும் விலக்கிப் பார்த்துவிட்டு, "சரி, போயிட்டு வாரும்" என்பேன். ஒரு துண்டுத் தாள்கூட யார் பையிலும் அகப்படவில்லை. அதனால் சந்தேகம் தீர்ந்ததா? இவ்வளவு சாமர்த்தியமாக எடுக்கிறார்களே என்று கூடத்தான் செய்தது.

இதில் வேடிக்கை, அந்த நாளில்தான் நான் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். சிறுதொழில் நடத்துகிறவன் தன் ஆட்களை எப்படி ஒரு குடும்பம்போல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி! வீட்டில் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து எட்டுப் பத்துப் பக்கம் எழுதுவேன். எழுதியதை மறுநாள் பையில் எடுத்துப் போய் அச்சகத்தில் நடத்திப் பார்ப்பேன். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று விதி போட்டேன். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர்கள், நான் போய் உட்கார்ந்ததும் சோற்றைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு ஒரு குறைப்பெட்டி வைத்தேன். மனத்தில் இருப்பதை எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். பூட்டு பெட்டியில் தொங்கும், சாவி என் இடுப்பில்.

மூன்று மாதம் பெட்டி காலியாகவே கிடந்தது. குறையே இல்லாத மனிதன் உலகத்தில் உண்டா? என்னிடம் சொல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் திறந்தால் உள்ளே ஒரு சீட்டு. கையால் எழுதியதில்லை, அச்சடித்தது. ஆறு வரி. மாலைதோறும் பையைச் சோதிப்பது எங்களுக்கு அவமானமாக இருக்கிறது, எங்களில் ஒருவரும் ஒரு தாளும் எடுத்ததில்லை, சோதித்தே தீர வேண்டுமென்றால் முதலாளியும் தம் பையைத் திறந்து காட்டட்டும் என்று இருந்தது.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று அச்சடித்திருக்கிறான். என் எழுத்து, என் மை, என் தாள், எனக்கே புகார்!

ஆனால் நான் பதினோரு வருஷம் இவர்கள் கோத்ததைப் படித்தவன். முதல் வரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருந்தது. அப்படிக் கோப்பவர் என் அச்சகத்தில் ஒருவர்தான். ராயப்பேட்டையிலிருந்து நடந்தே வரும் பாய். அச்சகம் தொடங்கிய நாள் முதல் என்னோடு இருந்தவர். கண் மங்கத் தொடங்கியிருந்தது. எழுத்துப் பெட்டியில் எந்த எழுத்து எந்த அறையில் என்று விரலுக்குத் தெரிந்ததால்தான் வேலை ஓடிற்று. என் அச்சகத்தை விட்டால் அந்த வயதில் வேறு எங்கும் அவரைச் சேர்க்கமாட்டார்கள். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கூப்பிட்டேன்.

"இது உம்ம வேலைதானே, பாய்?"

அவர் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "முத வரி என்னுதுதான் முதலாளி. இல்லேன்னு சொல்லல."

மீதி யாருடையது என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். பணிவாகத்தான் சொன்னார். எனக்கு அதுவே திமிராகப் பட்டது.

"அப்போ கையைக் கழுவிட்டுக் கிளம்பும்" என்றேன்.

அச்சகத்தில் கை கழுவினால் அன்றைய வேலை முடிந்தது என்று பொருள். அப்போது மணி பத்தரைகூட ஆகவில்லை. பாய் குழாயடிக்குப் போய்ச் சவுக்காரத்தை எடுத்தார். விரல் விரலாக மையைத் தேய்த்துக் கழுவினார். அவர் நகர்ந்ததும், கோப்பவர்களில் இரண்டாமவர் போய்ச் சவுக்காரத்தை எடுத்தார். பிறகு மூன்றாமவர். இயந்திரச் சத்தம் நின்றது. மிதித்துக்கொண்டிருந்தவரும் இறங்கிக் குழாயடிக்குப் போனார். அவருக்குப் பின்னால் பைண்டர். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

சீட்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். கோபத்தில் முதல் வரிக்குமேல் நான் சரியாகப் பார்க்கவே இல்லை. இரண்டாவது வரி நெருக்கி அடித்த கோப்பு, அது இரண்டாமவருடையது. மூன்றாவது வரியும் எனக்குத் தெரிந்த கைதான். நாலாவதும் ஐந்தாவதும் எழுத்துக் கோத்தே பழகாதவர்கள் தடவித் தடவிச் சேர்த்தவை. ஓர் எழுத்து தலைகீழாக நின்றது. ஆளுக்கு ஒரு வரி. ஆறாவது வரியில் 'முதலாளியும்' என்ற வார்த்தை மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. எதற்கெடுத்தாலும் தடித்த எழுத்துப் போடச் சொல்லிப் புரூப்பில் கோடு இழுக்கிறவன் ஒருவன்தான்.

நிமிர்ந்தேன். குழாயடியில் கடைசியாக என் மைத்துனன் கை கழுவிக்கொண்டிருந்தான். புரூப் பார்க்கிறவன் கையில் கழுவுவதற்கு என்ன மை இருக்கிறது?

ஆறு பேரும் பையோடு வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே போய்விடவில்லை. தினசரி வழக்கப்படி வரிசையாக நின்று பையைத் திறந்து நீட்டினார்கள். பைண்டர்தான் பேசினார். "இன்னா முதலாளி, பாத்துட்டு அனுப்பு. லேட்டாவுது."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, பயம். பாதி கோத்த கல்யாணப் பத்திரிகை உள்ளே கிடந்தது. ஆறு பேரும் படி இறங்கினால் அந்த அச்சகம் வெறும் இரும்பும் ஈயமும்தான். அந்தப் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் மைத்துனன் மேல் பாய்ந்தேன்.

"என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு நீயுமாடே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்களுக்குக் கேட்க வேண்டாம் என்பதுபோல் மெல்லச் சொன்னான். "அத்தான், ராத்திரி நீங்க எழுதுறீங்களே, அந்தத் தாள் எங்கேருந்து வருது?"

சாயங்காலம் கிளம்பும்போது தாள் கட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு உருவிப் பையில் போட்டுக்கொள்வது என் பழக்கம். ஒரு நாளும் அதை நான் எண்ணியதில்லை. என் கடை, என் தாள், நான் எடுத்தால் அது எடுத்ததாகுமா? அந்த நிமிஷம்வரை குறைந்த தாளையும் எடுத்த கையையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை. நம்பமாட்டீர்கள், ஆனால் நிஜம். ஆறு பேருக்கும் தெரிந்திருந்தது. முகத்துக்கு நேரே சொல்லாமல் பெட்டியில் போட்டிருந்தார்கள்.

உள்ளே போய் என் பையை எடுத்து வந்தேன். பாய்க்கு எதிரே நின்று திறந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடிக் கூடு, பொடி டப்பா, அவற்றுக்கடியில் கட்டுக் கட்டாக நான் எழுதிய வெள்ளைத் தாள். பாய் பையை வாங்கவில்லை. எழுத்துக் கோப்பவர் அல்லவா, குனிந்து மேல் தாளில் இருந்த தலைப்பை விரலால் தொட்டு வாசித்தார். "நம்பிக்கையே முதல்." ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மாலையில் நான் துண்டை விலக்கிப் பார்ப்பதுபோல் கண்ணாடிக் கூட்டை ஒரு பக்கம் நகர்த்தினார். பிறகு கூட்டைப் பழையபடி வைத்துப் பையை மூடினார்.

"சரி முதலாளி, போய்ட்டு வாங்க" என்றார்.

நான் எங்கே போவேன்? "உள்ளே வாங்க பாய்" என்றேன். அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

என் புத்தகத்தின் தாள்களில் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அந்த வாரம் முழுவதும் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் புரூப் அதில்தான் எடுத்தோம்.